சினிமாச் சேகரமும் டேட்டாபேஸும்: புதிதாகத் தொடங்குவோருக்குப் பதின்மூன்று சொல்

புதுக்கோட்டை மாவட்டக் கறம்பக்குடியில் முதலில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டேன். பிறகு கம்ப்யூட்டர் சென்டரில் டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்களைச் சொல்லிக்கொடுத்தேன். ஊருக்கு இது தெரியும் என்பதால், ஹார்டு டிஸ்க் நிறையப் படம் வைத்திருக்கும் தம்பிகளும் தங்கச்சிகளும் சீனிக்கடை முக்கத்தில் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். கேட்பது ஒரே கேள்விதான்: "சார், படத்தையெல்லாம் ஒழுங்குபடுத்த எந்த சாஃப்ட்வேர் நல்லது?"

சாஃப்ட்வேர் பிறகு பார்த்துக்கொள்ளும் சங்கதி. எந்த சாஃப்ட்வேரும் நீங்கள் எழுதி வைத்ததைத்தான் திருப்பித் தரும். எழுதும்போது ஒழுங்கு இருந்தால் தேடும்போது விடை வரும்; இல்லாவிட்டால் எவ்வளவு காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரும் கையை விரித்துவிடும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒழுங்கைப் பற்றித்தான்.

1. கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

படங்களின் பெயரை எழுத உட்காரும் முன்னால், நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். எம்.ஜி.ஆர். நடித்து, கலைஞர் வசனம் எழுதிய படங்களில் என்னிடம் எவை இருக்கின்றன? இரண்டரை மணி நேரத்துக்குள் முடிகிற கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படம் எது? வாங்கி வைத்து இன்னும் பார்க்காதவை எவை? முதல் கேள்விக்கு நடிகர், வசனகர்த்தா என்ற இரண்டு தகவல் வேண்டும். அவை இருந்தால் மந்திரி குமாரி (1950), மலைக்கள்ளன் (1954), காஞ்சித்தலைவன் (1963) எல்லாம் தாமாக வந்து நிற்கும். இரண்டாவதற்கு ஓடும் நேரம், நிறம், வகை. மூன்றாவதற்குப் பார்த்த தேதி. இப்படித் தகவல் ஒவ்வொன்றையும் எழுதும் கட்டத்துக்குத்தான் ஃபீல்டு என்று பெயர். கேள்வியைப் பார்த்து ஃபீல்டு வையுங்கள். எடிட்டர் பெயரை வைத்து ஒருநாளும் தேடமாட்டீர்கள் என்றால் அந்த ஃபீல்டு வேண்டாம். நாற்பது ஃபீல்டோடு ஆரம்பிப்பவர் பத்தாவது படத்தில் சலித்துப்போவார்.

2. படத்தின் பெயரை அடையாளமாக நம்பாதீர்கள், எண் கொடுங்கள்.

நம் புதுக்கோட்டைக்காரர் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த உத்தம புத்திரன் 1940இல் வந்தது. சிவாஜி இரட்டை வேடத்தில் நடித்த உத்தம புத்திரன் 1958. தனுஷ் நடித்த உத்தமபுத்திரன் 2010. அதன் கதையே வேறு. விக்ரம் 1986இலும் உண்டு, 2022இலும் உண்டு. பெயரை மட்டும் வைத்து ரெக்கார்டை, அதாவது ஒரு படத்துக்கான வரியை, பிரித்தால், ஒன்றின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் சொந்தமாக ஒரு எண் கொடுங்கள். படம் போய்விட்டாலும் அந்த எண்ணை வேறு படத்துக்குக் கொடுக்காதீர்கள். கூடவே வெளியான ஆண்டுக்கு ஒரு ஃபீல்டு, ஐஎம்டிபி என்ற இணையத் திரைப்படத் தளம் தரும் எண்ணுக்கு ஒரு ஃபீல்டு. ஐஎம்டிபியே 1990இல் இங்கிலாந்தின் கோல் நீதம் என்ற சினிமா ரசிகரின் பட்டியலாகத் தொடங்கியதுதான். பெயர் மாறிய படங்களுக்கு 'வேறு பெயர்' என்று ஒரு ஃபீல்டும் வேண்டும். எம்டன் மகன் 2006இல் எம் மகன் என்று வெளிவந்தது. இரண்டில் எதைத் தட்டினாலும் படம் வர வேண்டும்.

3. படம் வேறு, பிரதி வேறு.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஒரே படம் உங்களிடம் விசிடியாகவும் இருக்கும், டிவிடியாகவும் இருக்கும், ஹார்டு டிஸ்க்கில் ஃபைலாகவும் இருக்கும். விசிடி ஒரு தட்டில் ஏறத்தாழ 74 நிமிடம்தான் பிடிக்கும். அதனால் தமிழ்ப் படம் ஒன்று இரண்டு தட்டு, மூன்று தட்டாக வரும். இத்தனையையும் ஒரே டேபிளில் எழுதினால் ஒரே படம் ஐந்து தடவை எண்ணப்படும். படத்துக்கு ஒரு டேபிள், பிரதிக்கு ஒரு டேபிள் போடுங்கள். இயக்குநர், ஆண்டு, நேரம் முதலாவதில். எந்த வடிவம், எந்த அலமாரி, எந்த டிஸ்க், தட்டில் கீறல் உண்டா என்பவை இரண்டாவதில். யாரிடம் இரவல் போயிருக்கிறது, எந்தத் தேதியில் என்பதும் பிரதிக் கணக்கில்தான் வரும். கேசட் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன்: சேகரம் கரைவது திருட்டில் இல்லை, இரவலில்.

மொழி மாறினால் என்ன செய்வது? 1957இல் வந்த மாயாபஜாரைப் பாருங்கள். தெலுங்கில் அபிமன்யுவாக நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். தனித்தனியாகப் படமாக்கியவை என்பதால் இரண்டு படமாக எழுதி, ஒன்றுக்கொன்று தொடர்பு காட்டுங்கள். வெறும் டப்பிங் என்றால் அதே படத்தின் இன்னொரு பிரதி என்று வைத்துக்கொள்ளலாம்.

4. ஆட்களுக்குத் தனி டேபிள் போடுங்கள்.

'நடிகர் 1, நடிகர் 2, நடிகர் 3' என்று மூன்று ஃபீல்டு வைப்பார்கள். நாலாவது ஆளுக்கு இடமில்லை என்பது ஒரு பக்கம். நாகேஷ் ஒரு படத்தில் இரண்டாவதிலும் இன்னொன்றில் மூன்றாவதிலும் இருப்பார். தேடுகிறவர் மூன்றிலும் தேட வேண்டியிருக்கும். எல்லாப் பெயரையும் காற்புள்ளி போட்டு ஒரே ஃபீல்டில் அடைப்பது அதைவிட மோசம். தகவலை டேபிள்களாகப் பிரித்து வைக்கும் முறையைப் பற்றி ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய டேட்டாபேஸ்களில் பெரும்பாலானவை வந்தன. அந்த வழியில் இதற்கு மூன்று டேபிள்: படம், ஆள், இரண்டையும் இணைக்கும் 'பங்கு'. பங்கு டேபிளில் ஒரு வரிக்கு ஒரு படத்தின் எண், ஓர் ஆளின் எண், அவர் செய்த வேலை. பொம்மை (1964) படத்துக்கு எஸ். பாலச்சந்தர் பெயர் இயக்குநர், இசை, நடிப்பு என்று மூன்று வரியில் வரும். ஃபீல்டு எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை.

5. ஓர் ஆளுக்கு ஒரே எழுத்து முறை.

பி.யு. சின்னப்பா என்று சிலர் எழுதுவார்கள், பி.யூ. சின்னப்பா என்று சிலர். கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு பேர். எம்.ஜி.ஆரின் தொடக்க காலப் படங்களில் பெயர் எம்.ஜி. ராம்சந்தர் என்று ஓடும். மறுபக்கம், ஒரே பெயரில் இரண்டு ஆளும் உண்டு. விஜய் என்று தேடினால் நடிகர் விஜய்யோடு மதராசபட்டினம் (2010) இயக்கிய விஜய்யும் கலந்து வருவார். அந்த நாள் எடுத்த எஸ். பாலச்சந்தரும் கே. பாலசந்தரும் இனிஷியலையும் ஒரு 'ச்'சையும் கவனிக்காதவர் கையில் ஒருவராகிப்போவார்கள். ஆள் டேபிளில் எண் இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். ஒவ்வொருவருக்கும் 'வழங்கும் பெயர்' ஒன்று, 'மற்ற வடிவங்கள்' என்று ஒன்று வையுங்கள். படத்தை எழுதும்போது பெயரைத் தட்டாதீர்கள், பட்டியலிலிருந்து எடுங்கள்.

6. தமிழ் எழுத்தைக் கண்ணால் மட்டும் சரிபார்க்காதீர்கள்.

கௌரவம் என்ற பெயரில் 1973இல் சிவாஜி படம் உண்டு. 2013இல் ராதாமோகன் படமும் உண்டு. இரண்டும் உங்களிடம் இருந்தும், தேடினால் ஒன்றுதான் வருகிறது என்று வையுங்கள். ஏன்? ஒன்றை 'கௌ' என்று ஒரே எழுத்தாகத் தட்டியிருப்பீர்கள். மற்றதை 'கெ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டியிருப்பீர்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; உள்ளே குறியீடு வேறு. 'கா' எழுதத் துணைக்காலுக்குப் பதில் 'ர' போடுவதும் இதே வகை. 'ஸ்ரீ'யும் இரண்டு விதமாகக் குறியீடு பெறுகிறது. பழைய கீபோர்டு ஒரு விதம், புதியது ஒரு விதம். பழைய பட்டியல் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால், முதல் வேலையாக யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

அகர வரிசையும் அப்படியே கிடைத்துவிடாது. நம் அகராதியில் 'ட்' முந்தும். அதனால் படிக்காதவனுக்கு முன்னால் பட்டினத்தார் வர வேண்டும். குறியீட்டு எண்ணைப் பார்த்து அடுக்கும் சாஃப்ட்வேரில் புள்ளி கடைசிக்குப் போய்விடும், படிக்காதவன் முந்திக்கொள்வான். 'ன'வும் 'ந'வுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மொழி அமைப்பைத் தமிழ் என்று வைத்தால் சில சாஃப்ட்வேர் சரியாக அடுக்கும். அடுக்காவிட்டால் வரிசையை நம்பாமல் தேடலை நம்புங்கள்.

7. தெரியாததையும் இல்லாததையும் பிரித்து வையுங்கள்.

அந்த நாள் (1954) படத்தில் பாட்டே கிடையாது. குருதிப்புனலிலும் (1995) இல்லை. இவற்றுக்குப் 'பாடல் எண்ணிக்கை' என்ற இடத்தில் 0 போட வேண்டும். எத்தனை பாட்டு என்று நீங்கள் இன்னும் பார்க்காத படத்துக்கு அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 0 போட்டால், பாட்டில்லாத படம் கேட்கும்போது பாதிச் சேகரம் வந்து கொட்டும். காலி இடத்துக்கும் ஒரு குணம் உண்டு: '0 உள்ளவை' என்று கேட்டாலும் அது வராது, '0 அல்லாதவை' என்று கேட்டாலும் வராது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மொத்தத்துக்குக் குறையும். படம் காணாமல் போனதாகப் பதறாதீர்கள். காலியானவற்றை மட்டும் தனியாகக் கேளுங்கள். அடுத்து நிரப்ப வேண்டியவற்றின் பட்டியல் அதுதான்.

8. வகைப் பெயர்களைக் கைக்கு வந்தபடி எழுதாதீர்கள்.

ஒருநாள் 'காமெடி', ஒருநாள் 'நகைச்சுவை', ஒருநாள் 'சிரிப்பு' என்று எழுதினால் மூன்று வகையாகிவிடும். பத்துப் பதினைந்து வகை போதும். அவற்றைத் தனிப் பட்டியலாக்கி, அதிலிருந்து மட்டும் எடுக்கும்படி பூட்டிவிடுங்கள். புராணம், சரித்திரம், சமூகம் என்று அந்தக் காலத்தில் பிரித்தது இன்றைக்கும் பழைய படங்களுக்குப் பொருந்தும். ஒரு படத்துக்கு இரண்டு வகை வேண்டுமென்றால், ஆட்களுக்குச் செய்தது போல இணைப்பு டேபிள் போடுங்கள். நிறம் என்றால் இரண்டே வகை என்று நினைப்பீர்கள். அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) முழுக்கக் கலர். தமிழில் அதுதான் முதல் முழுநீளக் கலர்ப் படம். இரண்டு வருஷம் கழித்து வந்த நாடோடி மன்னனில் ஒரு பகுதி கறுப்பு வெள்ளை, ஒரு பகுதி கலர். 'பகுதி கலர்' என்ற மூன்றாவது இடம் இல்லாத பட்டியல் அந்தப் படத்தைப் பற்றிப் பொய் சொல்லியே தீரும்.

9. 'மற்றும்', 'அல்லது' இரண்டையும் வாய்ப்பேச்சு போலப் பயன்படுத்தாதீர்கள்.

"எம்.ஜி.ஆர். படமும் சிவாஜி படமும் எடுத்துக் குடுப்பா" என்று வீட்டில் பெரியவர் சொன்னால், இருவர் படங்களையும் எடுத்து வைப்பீர்கள். அதையே டேட்டாபேஸில் 'மற்றும்' போட்டுக் கேட்டால், இருவரும் சேர்ந்து நடித்தது என்று அது எடுத்துக்கொள்ளும். அப்படி உள்ளது கூண்டுக்கிளி (1954) ஒன்றுதான். பெரியவர் கேட்டதற்குச் சரியான சொல் 'அல்லது'.

இன்னொரு கண்ணி உண்டு. பங்கு டேபிளில் ஒரு வரியில் ஒரே ஆள்தான். 'ஆள் எம்.ஜி.ஆர். மற்றும் ஆள் சிவாஜி' என்று ஒரே மூச்சில் கேட்டால் கூண்டுக்கிளியும் வராது. ஒரு வரியில் இரண்டு பேர் எப்படி இருப்பார்கள்? எம்.ஜி.ஆர். உள்ள பட எண்களைத் தனியாக எடுங்கள், சிவாஜி உள்ளவற்றைத் தனியாக எடுங்கள், இரண்டிலும் பொதுவானதைக் கேளுங்கள். இரண்டு சொல்லும் ஒரே கேள்வியில் வந்தால் அடைப்புக்குறி கட்டாயம்: (எம்.ஜி.ஆர். அல்லது சிவாஜி) மற்றும் கறுப்பு வெள்ளை. அடைப்புக்குறியை விட்டால் சிவாஜியின் கறுப்பு வெள்ளைப் படங்களோடு எம்.ஜி.ஆரின் கலர்ப் படங்களும் சேர்ந்து வரும். அடிக்கடி கேட்கிற கேள்விகளைப் பெயரிட்டுச் சேமித்து வையுங்கள்; அடுத்த தடவை ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

10. தகவல் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்.

இப்போது படத்தின் பெயரைக் கொடுத்தால் டிஎம்டிபி போன்ற தளங்களிலிருந்து நடிகர், போஸ்டர் எல்லாம் தானாக இறங்கும். புதிய படங்களுக்கு அது பெரும்பாலும் போதும். பழைய தமிழ்ப் படங்களுக்கு அப்படியே நம்பிவிடாதீர்கள். 1958 உத்தம புத்திரனைக் கேட்டால் 2010 படத்தின் போஸ்டர் வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் சாட்சி படத்தின் டைட்டில் கார்டு. நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். அடுத்தது தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம். நடிகர் பட்டியலும் பாட்டும் கதைச் சுருக்கமும் அதில் இருக்கும், முடிவு மட்டும் இருக்காது. மூன்றாவது, 2016இல் மறைந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே தமிழ்ப் படம் ஒவ்வொன்றின் விவரத்தையும் கையால் சேர்த்தவர். 2004இல் வந்த அவருடைய 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' பக்கத்தில் இருந்தால் பாதிச் சண்டை தீரும். பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் பாட்டுப் புத்தகங்களும் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அவ்வளவு தூரம் போகாமலே, புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. ரெக்கார்டில் 'ஆதாரம்' என்று ஒரு ஃபீல்டு வைத்து, டைட்டிலா, புத்தகமா, இணையமா என்று குறியுங்கள். நாளைக்கு இரண்டு தகவல் முட்டிக்கொண்டால் எதை நம்புவது என்று அது சொல்லும்.

11. சாஃப்ட்வேரைத் தேவைக்குத் தக்கபடி எடுங்கள்.

இருநூறு படத்துக்கு எக்செல் போதும். மேலே ஃபில்டரைப் போட்டு ஆண்டையும் நிறத்தையும் தேர்ந்தால் வேலை முடிந்தது. ஆள் டேபிளும் பங்கு டேபிளும் வேண்டும் என்கிற நாளில் லிப்ரே ஆபீஸ் பேஸுக்கு வாருங்கள், இலவசம். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் எழுதப் பிடித்தால் எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபீல்டெல்லாம் அமைத்துத் தயாராகக் கிடைப்பது வேண்டுமென்றால் ஆன்ட் மூவி கேட்டலாக், ஜிசிஸ்டார், டெலிகோ. பட்டியலிலிருந்தே படம் ஓட வேண்டுமென்றால் கோடி அல்லது ஜெல்லிஃபின். எதை எடுத்தாலும் முதல் நாளே ஒன்றைச் சோதியுங்கள்: உள்ளே போட்டதை சிஎஸ்வி போன்ற சாதாரண ஃபைலாக, தமிழ் எழுத்து சிதையாமல் வெளியே எடுக்க முடிகிறதா? முடியாவிட்டால் அதைத் தொடாதீர்கள். ஃபாக்ஸ்புரோவை மைக்ரோசாஃப்ட் கைவிட்டதைப் பார்த்தவன் நான். சாஃப்ட்வேர்கள் போய்ச்சேரும், எழுதிய பட்டியல் நிலைக்க வேண்டும்.

12. பட்டியலுக்குப் பல வீடு வையுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வந்த கஜா புயலை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தென்னை சாய்ந்தது, கம்பம் சாய்ந்தது, சில ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஓடு பறந்த வீடுகளில் நனைந்த கம்ப்யூட்டரும் ஹார்டு டிஸ்க்கும் உண்டு. படங்களை எல்லாம் மூன்று இடத்தில் வைக்கப் பணம் வேண்டும். பட்டியலை வைக்க ஒன்றும் வேண்டாம். ஐயாயிரம் படத்தின் விவரமும் போஸ்டர் இல்லாமல் சில எம்பிக்குள் அடங்கும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வெளியூரில் இருக்கும் உறவினரின் மெயிலில். பட்டியல் பிழைத்தால் போன படங்கள் எவை என்றாவது தெரியும், திரும்பத் தேடி வாங்கலாம். பட்டியல் ஃபைலின் பெயரிலேயே தேதியைப் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை ஒரு பிரதியைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்அப்பை நம்ப முடியாது.

13. இருபது படத்தோடு தொடங்குங்கள்.

ஆயிரம் படத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றிவிடத் துடிப்பீர்கள். வேண்டாம். வெவ்வேறு காலத்தில் வந்த இருபது படத்தை எடுங்கள்: ஒரு கறுப்பு வெள்ளை, ஒரு பகுதி கலர், ஒரே பெயரில் இரண்டு, ஒரு டப்பிங், மூன்று தட்டு விசிடி ஒன்று. அவற்றைப் பிசகில்லாமல் எழுதுங்கள். எழுதும்போது 'என் குறிப்பு' என்ற இடத்தையும் நிரப்புங்கள்: எந்தத் தியேட்டரில் பார்த்தது, யாரோடு பார்த்தது, வீட்டில் யாருக்கு எந்தக் காட்சி பிடிக்கும். மற்ற எல்லாத் தகவலும் எங்காவது கிடைத்துவிடும். இதை எழுத உங்களைத் தவிர ஆள் கிடையாது. பிறகு, முதலில் தாளில் எழுதிய கேள்விகளை அந்த இருபதிடம் கேளுங்கள். விடை பிசகினால் டேபிளைத் திருத்துங்கள். இருபதில் திருத்துவது கால் மணி நேர வேலை. இரண்டாயிரத்தில் திருத்துவது கால் வருஷ வேலை.